பட்டன் டப்பா

இது நான் நேரில் பார்த்ததில்லை. அன்று தபால் ஆபீஸ் வரிசையில் நின்றிருந்த என் அத்தை சொன்னது. சிரித்தவர்களில் தானும் ஒருத்தி என்று அவளே ஒப்புக்கொண்டாள். மீதியை, அவளுக்குத் துணி தைத்துத் தரும் தையல்காரரே பிறகு சொன்னாராம். பார்சல் அவருடையது.

பார்சலில் இருந்தவை, இறந்துபோன அவருடைய அண்ணன் ஆசை ஆசையாகச் சேர்த்த பன்னிரண்டு பழைய நாணயங்கள். ஒன்றுகூட இன்று சுலபத்தில் கிடைக்காது. வெளியூரில் இருக்கும் அண்ணன் மகளுக்கு அனுப்ப வேண்டும். வழியில் தொலைந்தால், "சித்தப்பா முழுங்கிட்டார்" என்றுதான் சொந்தக்காரர்கள் பேசுவார்கள்.

அதனால் நாணயங்களை ஒரு டின்னில் போட்டு, துணியால் மூடி, நெருக்கமாகத் தைத்து, மேலே கொட்டை எழுத்தில் எழுதினார்: 'பழைய நாணயங்கள். பத்திரம்.'

கவுன்ட்டரில் இருந்த பெண் அதை வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கினாள். கலகலவென்றது. எழுத்தைப் பார்த்தாள். சட்டென்று அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"என்னய்யா இது, பட்டன் டப்பாவா?"

ஆபீசே திரும்பிப் பார்த்தது.

"பட்டன் இல்லம்மா. மேல எழுதியிருக்கே, படிச்சுப் பாரு."

"படிச்சாச்சு. பட்டன்தான். தையல் கடையில கூட்டி அள்ளின குப்பையெல்லாம் தபால்ல அனுப்பணுமா?"

வரிசை சிரித்தது.

"ஏம்மா, அது என் அண்ணன்..."

"பேசாதீங்க. துணியைப் பிரிச்சுப் போடுங்க. ஒவ்வொண்ணையும் தனித்தனியா அட்டைக்கு நடுவுல வெச்சு ஒட்டி, பெட்டிக்குள்ள பெட்டியாக் கட்டிட்டு வாங்க. ஆட்டினா சத்தம் வரக் கூடாது. மேல விலாசம் தவிர ஒரு எழுத்து இருக்கக் கூடாது. அடுத்து யாரு?"

எழுதியிருந்ததைக் கறுப்பு மையால் அடித்துத் திருப்பித் தள்ளினாள்.

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. வெளியே வந்த கையோடு புகார்ப் பெட்டியில் ஒரு கடிதம் போட்டார்: 'நாலு பேர் முன்னால் என்னைக் கேவலப்படுத்தினார்.'

மறுநாள், சனிக்கிழமை, அவள் சொன்னபடியே கட்டிக்கொண்டு போனார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். சத்தமில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு படிவத்தை நீட்டினாள்.

"மதிப்பு என்னன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பேச வேணாம்."

மீதியை அவளே நிரப்பினாள். அவர் ரசீதைப் படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவு கோபம்.

வியாழக்கிழமை அண்ணன் மகள் போன் செய்தாள்.

"சித்தப்பா, பன்னிரண்டும் இப்பதான் வந்துச்சு! இன்ஷூரன்ஸ் எல்லாம் பண்ணியிருக்கீங்க. உங்களுக்கு இவ்வளவு விவரம் தெரியுமா?"

தனக்கே தெரியாதே! ரசீதை எடுத்துப் பிரித்தார். 'பொருள்: பழைய நாணயங்கள், 12.' அவள் கையெழுத்து.

கடையைத் திறந்து போட்டது போட்டபடி தபால் ஆபீசுக்கு ஓடினார்.

"தெரிஞ்சேதான் பட்டன்னு சொன்னியாம்மா?"

"பின்னே? முன்னப் பின்னத் தெரியாத இருபது பேர் நிக்கிறாங்க. நீங்க வெளியில எழுதி, கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிக்கிட்டு வர்றீங்க."

"நான் புகார் குடுத்துட்டேனேம்மா..."

"தெரியும். போஸ்ட் மாஸ்டர் எல்லார் முன்னாலயும் சத்தமாப் படிச்சாரு. மன்னிப்பு எழுதிக் குடுத்தாச்சு."

"புகாரைப் படிச்சப்பவாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாமே?"

அவள் அவரைத் தாண்டிப் பார்த்தாள். "அடுத்து யாரு?"

அந்த மன்னிப்புக் கடிதத்தின் நகல், புகாருக்குப் பதிலாக அவருக்குத் தபாலில் வந்தது. நான் அவரிடம் போய்க் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 'பட்டன் பார்சல் விஷயத்தில் நான் பேசியது தவறு.' ஒரே வரி. தேதியையும் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை, பார்சல் இன்னும் வழியில்தான் இருந்தது.