சொல்லுக்கு முன்னால்

மாலை நாலு ஐம்பது.

பதிவறையில் மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். சத்தம் மைக்கில் விழும். அவள் கழுத்தில் வியர்வை இறங்கியது.

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவு செய்யும் இருதயராஜ் விரலை உயர்த்தினான்.

அவள் தாளைப் பார்த்துப் படித்தாள்.

"நாளைக்கு முடியாது. திங்கள் காலை பத்து மணிக்குத் தருகிறேன்."

அவன் தலையை ஆட்டினான். இல்லை.

இது ஒன்பதாவது முறை.

"மறுபடியும் சிரிக்கிறீங்கக்கா."

"நான் எங்க சிரிச்சேன்?"

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் குரல் பச்சைக் கோடாக ஓடியது. 'முடியாது' என்ற சொல்லுக்குச் சற்று முன்னால் ஒரு சிறிய மேடு.

ஒன்பது பதிவுகள். ஒன்பதிலும் மேடு.

போட்டுக் கேட்டாள். சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. மூக்கால் விடும் ஒரு மூச்சு. கதவைத் திறக்கும்முன் செருமுகிறவர்களைப் போல.

வெட்டி எடுக்க முடியுமா என்று கேட்டாள். சொல்லின் முதல் எழுத்தோடு ஒட்டியிருக்கிறது, வெட்டினால் சொல்லும் போய்விடும் என்றான்.

பாடத்தை எழுதியதும் அவள்தான். இணையவழி வகுப்பு. வேலையிடத்தில் எல்லை வகுப்பது எப்படி. மொத்தம் எட்டுப் பாடங்கள், இது ஐந்தாவது.

காரணம் சொல்லாதீர்கள். மன்னிப்புக் கேட்காதீர்கள். வேறொரு நேரம் சொல்லுங்கள். சொன்ன பிறகு மூன்று நொடி பேசாமல் இருங்கள்.

எழுதும்போது சுலபமாகத்தான் இருந்தது.

பதிவறைக்குள் கைப்பேசி கூடாது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவள் கொண்டுவருவாள். ஐந்து மணிக்கு மேல் கோத்தகிரி விடுதியிலிருந்து மகள் கூப்பிடுவாள். வார்டனின் கைப்பேசி. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம்.

நாளை இரண்டாம் சனிக்கிழமை. பெற்றோர் வந்து பார்க்கும் நாள். பத்திலிருந்து பன்னிரண்டு வரை.

போன மாதம் அவள் போகவில்லை. அன்று இரண்டாம் பாடத்தை முடிக்க வேண்டியிருந்தது. விடுமுறை நாளில் வேலை பார்க்காமல் இருப்பதைப் பற்றிய பாடம்.

அதற்கு முந்தின மாதமும் போகவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது.

மகள் இல்லை. மேலாளர் குணசீலன்.

"ஏம்மா, கம்பெனிக்காரங்க நாலு திருத்தம் அனுப்பியிருக்காங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துரு. ஆபீசுக்கெல்லாம் வர வேண்டாம். வீட்ல இருந்தே பண்ணு."

சலுகை தருகிற குரல். போன மாதமும் இதே சலுகைதான்.

அவள் வாயைத் திறந்தாள்.

அந்த மூச்சு மூக்கருகில் வந்து நின்றது. இந்த வேலையில் சேர்ந்த ஒன்பது ஆண்டுகளாக வந்து நின்றிருக்க வேண்டும். இன்றுதான் தெரிந்தது. கோட்டில் எந்த இடத்தில் மேடாகும் என்பதுகூடத் தெரிந்தது.

அதை விழுங்கினாள்.

"நாளைக்கு முடியாதுங்க சார். திங்கக்கிழமை காலைல பத்து மணிக்குத் தர்றேன்."

ஒன்று.

மகளைச் சொல்லலாம். விடுதியைச் சொல்லலாம்.

இரண்டு.

சாரி சார் என்று சொல்லலாம். பஸ்ஸில் போகும்போதே முடித்துவிடுகிறேன் என்று சொல்லலாம்.

கண்ணாடிக்கு அப்பால் இருதயராஜ் ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தான்.

மூன்று.

மறுமுனையில் அவர் பக்கத்திலிருந்த யாரிடமோ சர்க்கரை வேண்டாம் என்றார். பிறகு, "பத்துக்கா? சரி, பத்துக்கே குடு" என்றார்.

வைத்துவிட்டார்.

அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவ்வளவுதானா.

இவ்வளவுதான் என்றால் அந்த இரண்டு சனிக்கிழமைகள்? கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கழுத்து வியர்வையில் எங்கிருந்தோ ஒரு குளிர்ச்சி பட்டது. இருதயராஜ் கதவைத் திறந்து தலையை நீட்டியிருந்தான்.

"அக்கா, மேடே இல்ல. சுத்தமா வந்துச்சு."

"பதிவாயிருச்சா?"

அவன் தலையைச் சொறிந்தான். "பட்டனை அமுக்க மறந்துட்டேங்க்கா."

அவள் சிரித்தாள். சொல்லுக்கு முன்னாலோ பின்னாலோ வராத சிரிப்பு. அவனும் சிரித்தான்.

"இப்ப அமுக்கு" என்றாள்.

பத்தாவது முறை. படித்து முடித்ததும் அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். சொல்லுக்கு முன்னால் கோடு தரையாகக் கிடந்தது.

ஐந்து இருபதுக்கு மகள் கூப்பிட்டாள்.

காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறிவிடுவேன், பத்துக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று அவள் சொன்னாள். போன மாதமும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்லியிருந்தாள்.

"பரவால்லம்மா. வேலை இருந்தா வர வேண்டாம்."

அந்தப் 'பரவால்ல'வுக்கு முன்னால் ஒரு மூச்சு. மிகச் சிறியது. மூக்கால் விட்டது.

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"வேலைய வேண்டாம்னு சொல்லிட்டேன். வர்றேன்."

அதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை. சத்தியம் செய்யவில்லை. சாக்லேட் வாங்கி வருவதாகச் சொல்லவில்லை. காத்திருந்தாள்.

மறுமுனையில் பிள்ளைகளின் இரைச்சல். வரிசையில் அடுத்து நின்ற யாரோ சீக்கிரம் என்றார்கள்.

பிறகு மகளின் குரல் வந்தது. முன்னால் ஒன்றும் இல்லாமல், நேராக.

"அப்ப ஒரு ஜோடி ஷூ வாங்கிட்டு வர்றியாம்மா? ரெண்டு மாசமாப் பத்தல. பின்னாடி மிதிச்சுத்தான் போட்டுட்டிருக்கேன்."