காயாத ஈரம்

லாரிப் பட்டறை குருசாமி தன் கையால் கட்டிய விமானம் கரிசல் காட்டில் மூக்குக் குப்புறக் கிடக்கிறது. பனை உயரம்கூட எழும்பவில்லை. அதற்குள் இன்ஜின் செருமிக்கொண்டு நின்றுவிட்டது. சங்கரன்கோவில் கோபுரத்துக்கு மேலே வெயில் ஏறுகிறது. பனவடலிசத்திரத்திலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறார்கள். சண்டையில் விமானம் ஓட்டிப் பழகிய மைத்துனன் இசக்கி, நெற்றி ரத்தத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு குருசாமியிடம் வருகிறான். "அத்தான், டேங்க் அடியில தண்ணி நிக்கும்னு சொன்னேனே, அடிக் குழாயைத் திறந்து பிடிச்சுப் பாத்தியளா?" "ஒரு தம்ளர் பிடிச்சேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு." சொல்லிக்கொண்டே குருசாமி அதைக் கொட்டிய இடத்தைப் பார்க்கிறான். மண் இன்னும் ஈரமாகவே இருக்கிறது. பெட்ரோல் என்றால் இந்த வெயிலுக்கு எப்போதோ பறந்திருக்கும். தம்ளர் முழுக்கத் தண்ணீர்தான். அதனால்தான் அவ்வளவு தெளிவு. விரலில் இருந்த பெட்ரோல் வாசனையைத் தம்ளரின் வாசனை என்று நம்பியிருக்கிறான். டேங்கில் மிச்சம் நின்ற தண்ணீர்தான் இன்ஜினை நிறுத்தியிருக்கிறது. "மிசின்ல கோளாறு இல்ல வே. ஓட்டத் தெரியாத பயகிட்ட குடுத்துட்டீரு," என்கிறார் கூட்டத்தில் ஒரு பெரியவர். இசக்கி தலையைக் குனிகிறான். "என் தப்புதான் அத்தான்." குருசாமி மெதுவாக நகர்ந்து அந்த ஈரத்தின் மேல் ஏறி நிற்கிறான். விமானத்தை நிமிர்த்த எல்லோரும் ஓடுகிறார்கள். அவன் மட்டும் காலை எடுக்கவில்லை. எடுத்தால் ஈரக் கரிசல் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும்.