நிற்கத் தெரியாதவன்

மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் மறுபடியும் தண்ணீரில் விழுந்தான். மல்லாக்க, கைகாலைப் பரப்பிக்கொண்டு, கோட்டைச் சுவர்வரை தெறிக்கிற மாதிரி விழுந்தான்.

டிரில் மாஸ்டர் தன் துடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பினார். ‘உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா இந்தப் பெண்ணுக்கு’ என்று உள்ளுக்குள் கறுவினார்.

அவரும் தண்ணீருக்குள்தான் இருந்தார். ஆனால் அது வேறு விஷயம். அவரை அலை தள்ளிவிட்டது.

ஓய்வு பெறும்வரை பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை நிமிர்ந்து நிற்க வைத்தே காலம் தள்ளியவர் அவர். ஆளை எடை போட அவரிடம் இருந்தது ஒரே தராசு. நிற்கச் சொல்வார், எப்படி நிற்கிறான் என்று பார்ப்பார்.

மகள் இந்தப் பழைய துறைமுக ஊருக்கு வேலைக்கு வந்து, இங்கேயே ஒருவனை மனதில் வைத்துக்கொண்டாள். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் அவனுக்கு வேலை. மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பானை ஓடுகளைக் கழுவி ஒட்டவேண்டும். ஓடு ஒட்டுவதெல்லாம் ஓர் உத்தியோகமா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அவர் ரயில் ஏறியிருந்தார். ஊர் திரும்பும் முன் தன் முடிவைச் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அப்பா வேண்டாம் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று மகள் அவனிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

காலையில் மூவரும் சந்தித்தபோது, கோட்டை மதில்மேல் நடந்துவிட்டு வரலாம் என்றான் அவன். மதிலுக்குக் கீழே கடல் உள்வளைந்து குளம்போல் கிடந்தது. சுற்றுலா வந்தவர்கள் அங்கே நீளப் பலகைகளின்மேல் நின்றபடி துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிரில் மாஸ்டரின் கண் அங்கேயே நின்றது.

“நடக்கிறதுக்கு எங்க ஊர்லயே ரோடு இருக்கு தம்பி. அதுல ஏறி நின்னு காட்டுங்க, பார்ப்போம்.”

அவன் சரி சார் என்றான். தானும் ஏறுவதாக அவர் அறிவித்தார். கிழவனிடம் தோற்ற அவமானமும் சேர்ந்தே கிடைக்கட்டும் அவனுக்கு.

லைஃப் ஜாக்கெட் மாட்டியதும், அவருடைய வார் தளர்வாக இருப்பதைப் பார்த்து அவன் இழுத்துக் கட்டிவிட்டான். சரியான தொடைநடுங்கி, தன் பயத்தையெல்லாம் என் மேல் கட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

படகுத்துறையில் நின்ற பயிற்சிக்காரப் பெண் விடாமல் குரல் கொடுத்தாள். “ஐயா, முட்டியை மடக்குங்க. காலைப் பார்க்காதீங்க, தூரத்துல பாருங்க.” எல்லாம் இவருக்குத்தான். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டிரில் மாஸ்டருக்கு அது நன்றாகவே புரிந்தது. தேறாத பிள்ளையிடம் அவரும் தொண்டையைச் செலவழித்ததில்லை.

எழுந்து நின்ற வேகத்திலேயே அவர் முதல்முறை விழுந்தார். துறையில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள், செல்போன்கள் உயர்ந்தன. அடுத்த கணம் பக்கத்தில் தொம்மென்று ஒரு சத்தம். அவனும் விழுந்து, துடுப்பைக் கையில் பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தான். சிரிப்பும் செல்போன்களும் அந்தப் பக்கம் திரும்பின. இவர் யார் கண்ணிலும் படாமல் தவழ்ந்து பலகையில் ஏறினார்.

தன்னைவிடக் கேவலமாக விழ ஓர் ஆள் இருந்ததில் அவருக்குத் தெம்பே வந்துவிட்டது.

“என்ன தம்பி, ஓடு ஒட்டுற கோந்தைக் கொஞ்சம் உள்ளங்கால்ல தடவிட்டு வந்திருக்கலாமே?”

துறையே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். ரோஷம்கூட இல்லாத ஜென்மம் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அதன் பிறகும் அதே கதைதான். அவரைப் பலகை சறுக்கிவிடும், காற்று தள்ளிவிடும், பக்கத்துப் படகின் அலை கவிழ்த்துவிடும். அவனோ எந்தக் காரணமும் இல்லாமல் விழுவான். விழுந்து தத்தளித்தபடி இவருடைய பலகையை வந்து பற்றிக்கொள்வான், ஒட்டுண்ணிபோல. அதனால் இவர் விழும்போதெல்லாம் பலகை கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது; அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. முதுகை நிமிர்த்தி, மதிலடியிலிருந்து துறைவரை நின்றபடியே வந்து சேர்ந்தார். முன்பின் தெரியாதவர்களெல்லாம் கை தட்டினார்கள். அவன் பலகைமேல் மண்டியிட்டபடி பின்னால் வந்தான்.

இரண்டு பலகைகளையும் தோளில் தூக்கிக்கொண்டு அவன் கொட்டகைப் பக்கம் போனான். ஈரத்தோடு கல்படியில் உட்கார்ந்த அப்பாவுக்கு மகள் துண்டை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைத் துவட்டிக்கொண்டே அவர் தீர்ப்பைச் சொன்னார்.

“இவன் சரிப்பட மாட்டான்மா. இந்த வயசுல நானே நின்னுட்டேன். ஒரு பலகையில நிக்க வக்கில்லாதவன் உன்னை எங்க காப்பாத்தப் போறான்?”

கொட்டகை வாசலில் அவன் அவருடைய செருப்பைத் தேடி எடுத்து, மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். மகள் அவனையே பார்த்தாள்.

“கோட்டையைச் சுத்தி இந்தப் பலகையில போட்டி நடக்கும்ப்பா. வருஷா வருஷம் அவர்தான் முதல்ல வருவாரு” என்றாள்.

துவட்டிய கை நின்றது.

“நீங்க விழுற வரைக்கும், அவர் விழுந்து நான் பார்த்ததே இல்லப்பா.”