பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி

அறிவியல் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய கட்டுரையை அதன் விதிப்படி திருத்தி, அச்செடுத்துக் கொடுத்தாள் ஆய்வு உதவியாளர் வசீலா. முதல் பக்கத்திலேயே பேராசிரியர் லக்தருக்குக் கோபம் வந்துவிட்டது.

“யமீனா பேருக்குப் பக்கத்துல என்னம்மா இது, சிலுவை மாதிரி? நம்ம ஆளுங்க பேருக்கு யாராவது இதைப் போடுவாங்களா?”

“பத்திரிகைக்காரங்க விதி, உஸ்தாத்.”

“மூணு மெயில் போட்டும் பதில் போடாத மகராசிக்கு அலங்காரம் வேறயா? எடுத்துடு. பேரையும் கடைசிக்குத் தள்ளு. வர்க்லா பாலைவனத்துல உப்பு மண்ணை அள்ளி அனுப்பிட்டா போதுமா?”

வசீலா அவரையே பார்த்தாள். “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். இறந்துபோன கட்டுரையாளர் பேருக்குத்தான் அந்தக் குறி போடச் சொல்றாங்க.”

லக்தர் காகிதத்தை மெல்ல மேசையில் வைத்தார். “எப்போ?”

“நோன்புக்கு முன்னாடி. துக்கத்துக்குப் போகணும்னு உங்ககிட்டதானே லீவு கேட்டேன். போயிட்டு வான்னீங்க. யாருன்னு கேக்கல.”

அவருக்கு நினைவு வந்தது. அன்று அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அவ பேரை முதல்ல போடு.”

“உங்க பேருக்கும் மேலயா?”

“ஆமா.” அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். “அவளோட மெயிலை இப்போ யாராவது பாக்கறாங்களா?”

“அவங்க மக பாக்கறாங்க, உஸ்தாத். கட்டுரைக்குச் சம்மதம்னு எனக்கு எழுதினதும் அவங்கதான்.”

லக்தர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். கடைசி மெயிலில் அவர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்.

‘அம்மணி, உயிரோடுதான் இருக்கிறீர்களா?’