செவலை சொன்ன விடை

கிரேக்க தேசத்தில் ஓர் ஊரின் வாசலை மறித்துக்கொண்டு, பெண் முகமும் சிங்க உடம்புமாக ஒரு மிருகம் உட்கார்ந்திருந்தது. ஊருக்குள் வருகிற எல்லோரிடமும் அது ஒரு விடுகதை போடும். விடை தெரியாமல் விழிப்பவர்களைத் தின்றுவிடும்.

ஒரு நாள் சாயங்காலம், பக்கத்து ஊருக்கு இரை தேடிப் போயிருந்த செவலை என்ற நாய் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தது. உள்ளே அதன் குட்டிகள் பசியோடு காத்துக்கிடந்தன.

"நில்லு! காலையில நாலு கால், மத்தியானம் ரெண்டு கால், சாயங்காலம் மூணு கால். அது என்ன?" என்று உறுமியது மிருகம்.

செவலைக்கு ஒரே ஆச்சரியம். "நான்தான். உனக்கு யார் சொன்னா?"

"என்ன உளறுற?"

"காலையில நாலு கால்லதான் கிளம்பினேன். மத்தியானம் கறிக்கடை முன்னால ரெண்டு கால்ல நின்னு கெஞ்சினேன். கடைக்காரன் கல்லை விட்டெறிஞ்சான். இப்போ நீயே பாரு."

மிருகம் குனிந்து எண்ணியது. தரையில் ஊன்றியிருந்தவை மூன்றுதான்.

"ஆனா, குழந்தையில தவழ்ந்து, வளந்து நடந்து, கிழவனாகிக் கோலூன்றுற மனுஷன்தான் விடைன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாங்களே!"

"மனுஷனா? அந்தக் கடைக்காரன் பொழுதுக்கும் ரெண்டு கால்லதான் நின்னான். நான் அவனையேதானே பாத்துக்கிட்டிருந்தேன்!"

மிருகம் ஒதுங்கி வழிவிட்டது.

செவலை வாசலைத் தாண்டும்போதே பின்னால் ஓர் இளைஞன் வந்து நின்றான். விடுகதையை முழுசாகக்கூடக் கேட்காமல், "மனிதன்!" என்றான் மிடுக்காக.

"தப்பு. நாய்," என்று சொல்லிவிட்டு மிருகம் வாயைத் திறந்தது.