மூன்றாம் ஓலை

போதகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். சண்டைக்குப் போகிறவள் மாதிரி. சண்டைக்குத்தான் வந்திருந்தாள்.

எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காருகிறவள் இன்று இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். பட்டுச்சேலை வேறு.

"மூப்பர் ஞானசிகாமணியின் குமாரத்தி ஹெப்சிபாவுக்கும்..." என்று போதகர் வாசிக்கத் தொடங்கினார்.

கல்யாண அறிவிப்பு. ஊரில் அதற்கு ஓலை என்று பெயர். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வேதக்கோயிலில் வாசித்தாக வேண்டும். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். யாரும் எழுவதில்லை. அந்த நேரத்தில் சனங்கள் வீட்டில் கொதிக்கிற கறிக்குழம்பை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் ஓலைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதற்கும் இல்லை.

சபைப் பெரியவரான மூப்பரும் பதினாறு வருஷம் முன்னால் மூன்றாவது ஓலை வரை காத்திருந்தவர்தானே.

அன்று வாசித்தது அவள் மகள் சுகிர்தாவின் ஓலை. பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது. மூப்பர் எழுந்து, பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றார். சபை விதியை மனப்பாடமாகச் சொன்னார். அப்படிப்பட்டவளுக்குப் பீடத்தின் முன் கல்யாணம் கிடையாது. முதலில் சபை முன்னால் நின்று பாவ அறிக்கை செய்ய வேண்டும். பிறகு ஏதாவதொரு வேலை நாளில், மணி அடிக்காமல், வெள்ளை முக்காடு போடாமல் தாலி கட்டிக்கொள்ளலாம்.

மாப்பிள்ளையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அவனைப் பற்றி விதியில் ஒரு வரியும் இல்லை.

சாயங்காலமே அவன் வீட்டார் கை கழுவிவிட்டார்கள்.

சுகிர்தா திருப்பூருக்குப் பஸ் ஏறினாள். பனியன் கம்பெனி வேலை. மகன் இப்போது பத்தாவது படிக்கிறான். அவள் பிறகு எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. அம்மா வீட்டு வாசலையும்தான்.

இத்தனை வருஷமும் தாய்க்காரி ஜெபத்தில் கேட்டது ஒன்றுதான். மூப்பரின் முகம் ஒருநாள் செத்துப்போக வேண்டும். அதைத் தான் பார்க்க வேண்டும்.

கர்த்தர் கேட்டார் என்றுதான் நினைத்தாள். இல்லாவிட்டால், அவள் ஆயாவாக வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கே ஹெப்சிபா வருவாளா? துப்பட்டாவை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தாள். வேறு பெயர் கொடுத்திருந்தாள். கூட, கட்டிக்கொள்ளப் போகிற பையன்.

"நெறைய தண்ணி குடிச்சிட்டு உக்காரும்மா," என்று பாட்டிலை நீட்டியதே இவள்தான்.

ஹெப்சிபாவும் இவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தடை அறிந்தவர்கள் இப்பொழுதே சொல்லக்கடவர்கள்," என்றார் போதகர். கண் அதற்குள் அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டது.

அவள் எழுந்தாள்.

பெஞ்சு கிறீச்சிட்டது. கோயில் திரும்பிப் பார்த்தது.

மூப்பர் முன்வரிசையில் இருந்தார். அவரும் திரும்பினார். அவளைக் கண்டதும் முகத்தில் ரத்தம் வற்றியது. அட, மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது! மகள் கதை தெரிந்துதான் முதல் ஓலை கொடுத்தார். விதியை அப்போது எந்தப் பெட்டியில் பூட்டி வைத்தாரோ.

நன்றாகப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வயிறு குளிர்ந்தது.

அவர் தலைக்கு மேலே பாடகர் வரிசை தெரிந்தது. அங்கே ஹெப்சிபா. பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்திருந்தாள். அவளும் செத்துக்கொண்டிருந்தாள்.

கேட்டது ஒரு முகம். கிடைத்தது இரண்டு.

இந்தப் பெண் அன்று ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்கிற குழந்தை.

"சொல்லுங்கம்மா," என்றார் போதகர்.

நாக்கு நுனியில் எல்லாம் வரிசையாக இருந்தது. தேதிகூட இருந்தது.

"ஒண்ணுமில்லய்யா. காலு மரத்துப் போச்சு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். போதகர் அடுத்த காகிதத்தை எடுத்தார்.

உட்கார்ந்ததும் அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. மனம் இளகிவிட்டதா? அப்படியொன்றும் இல்லை. மூப்பரை இப்போதும் பச்சையாகக் கடித்துத் தின்னலாம் போலத்தான் இருந்தது. அந்தப் பிள்ளையை மட்டும் முடியவில்லை. அவ்வளவுதான்.

ஆராதனை முடிந்தது. வாசல் வேப்பமரத்தடியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

மூப்பர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஹெப்சிபா.

"எப்பம் தெரியும்?" குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"ஸ்கேனுக்கு வந்த அன்னைக்கே."

"பொறவு ஏன் சொல்லல?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அத எங்கிட்ட கேட்டா? சுகிர்தாட்ட கேளுங்க. நம்பர் தாரேன்."

சனம் இன்னும் கலையவில்லை. மூப்பர் சுற்றிலும் பார்த்தார். மகள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

அவள் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். அவசரமே படவில்லை. ஓரிடத்தில் அவர் விரல் தவறியது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

முடித்ததும் அவர் போனைப் பைக்குள் போடப் போனார்.

"இப்பமே கூப்பிடுங்க மூப்பரே. ஞாயித்துக்கெழம. வீட்டுலதான் இருப்பா."

கூப்பிட்டார். காதில் வைத்தார்.

"அலோ," என்றது தூரத்துக் குரல். "யாரு பேசுறது?"

மூப்பருக்குத் தன் பெயர் வாயில் வரவில்லை.