மொஹசின் பேருல கீது

உங்கள் பெயரில் ஊரே வேலை பார்த்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

"எனக்கு பேஜாரா கீது எபினேசரு. மொதல்ல அந்தப் பேரத் தூக்கு" என்றான் மொஹசின்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகடு வெட்டும் கம்பெனி அது. மிஷின் புரோகிராமில் யார் எதை மாற்றினாலும், மாற்றியவர் பெயரோடு சேமித்து வைக்க ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவன் எபினேசர். எப்படிக் கமாண்டு அடிப்பது என்று அவன்தான் குறிப்பு எழுதி ஒட்டினான். உதாரணத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று, பக்கத்து சீட் மொஹசின் பெயரைப் போட்டுவிட்டான். எல்லோரும் அதை அப்படியே பார்த்து அடித்தார்கள்.

"நம்ம கலியண்ணன் ஓட்டை அளவத் தப்பா மாத்திட்டாரு. தகடு மொத்தமும் ஸ்கிராப்பு. யார் பேருல கீது? என் பேருல."

ஆபரேட்டர் கலியன் டீயை ஊதிக்கொண்டே வந்தார். "ஒட்டுனதுல இன்னா கீதோ அதத்தான நைனா அடிப்பாங்க? நான் இன்னாத்தக் கண்டேன்."

"ஒனக்கென்னண்ணே, நீ பர்மனென்ட்டு. நாளைக்கு எங்க காண்ட்ராக்ட் ஆளுங்கள்ல ஒருத்தனத்தான் பர்மனென்ட் பண்றாங்க. மெட்ராஸ் ஆபீஸ்ல நம்ம மூஞ்சியா தெரியும்? கம்ப்யூட்டர்ல கீற பேரப் பாத்துதான் முடிவு. எம் பொண்டாட்டி வேற மாசமா கீறா."

எபினேசர் கீபோர்டை இழுத்தான். உதாரணத்தில் இருந்த மொஹசினை அழித்துவிட்டு 'யுவர்நேம்' என்று அடித்தான்.

"இனிமே அவனவன் பேர அவனவன் போட்டுக்குவான். போதுமா?"

"பழசு?"

"அதுல எது நீ பண்ணது, எது இவரு பண்ணதுன்னு எனக்கு எப்பிடிடா தெரியும்?"

"எல்லாத்தையும் இதே மாரி மாத்திடு. என் பேரு எங்கியும் இருக்கக் கூடாது."

"நீ செஞ்ச வேலையும் சேந்து பூடும். யோசிச்சுக்கோ."

"போனா போவட்டும். கெட்ட பேரு இல்லாம இருந்தா சரி."

எபினேசர் பழைய பதிவுகள் அத்தனையிலும் மொஹசினை யுவர்நேமாக மாற்றினான். மொஹசின் இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டு, நிம்மதியாகப் பொன்னேரி ரயிலுக்குக் கிளம்பினான்.

மறுநாள் காலை மெட்ராஸ் ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. ஸ்கிராப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்காமல் மூன்று ஷிஃப்டிலும் உழைத்ததற்காக, திரு. யுவர்நேம் என்பவரைப் பர்மனென்ட் செய்திருந்தார்கள்.